அறைக்கேற்ற வண்ணம்

பத்தாம் வகுப்பு, மனையியல் மன்றம்

புது வீடு கட்டுவோர் மனை பார்க்க ஆறு மாதம் அலைகின்றனர். கதவுக்கு மரம் பார்க்க மூன்று ஊர் போய் வருகின்றனர். ஆனால் சுவருக்கு வண்ணம் தேர்ந்தெடுக்க மட்டும் பெயிண்ட் கடையில் பத்து நிமிடம் நின்றால் போதும் என்று எண்ணிவிடுகின்றனர். காலையில் கண் விழித்தவுடன் நாம் பார்ப்பது சுவரைத்தான். இரவில் விளக்கை அணைக்கும் முன் கடைசியாகப் பார்ப்பதும் அதைத்தான். பிடிக்கவில்லை என்றால் மறுநாள் மாற்றிக்கொள்ள அது தலையில் கட்டும் ரிப்பன் அன்று.

எங்கள் பள்ளி மனையியல் மன்றத்தில் "இல்லமும் வண்ணமும்" என்னும் தலைப்பில் ஒரு செயல்திட்டம் செய்யுமாறு ஆசிரியை சொன்னார். அட்டையில் ஒரு வண்ணச் சக்கரம் வரைந்து ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்றே நாங்கள் நால்வரும் நினைத்தோம். அந்த நேரத்தில்தான் எங்களுள் ஒருத்தியின் வீட்டில் பூச்சு வேலை முடிந்து வண்ணம் அடிக்கும் கட்டம் வந்திருந்தது. பாளையங்கோட்டையில் சிறிய வீடு. வங்கிக் கடனில் எழும்பியது. "ஒரு தடவைதான் அடிக்க முடியும். அடுத்த தடவைக்கு இன்னும் ஏழு வருஷம் ஆகும், பார்த்துக்கோங்க" என்று அவளுடைய அப்பா சொல்லிவிட்டார். இப்படியாக எங்கள் செயல்திட்டம் அட்டையிலிருந்து சுவருக்குப் போயிற்று. அங்கே கற்றதையும் கெடுத்ததையும் சேர்த்தே எழுதுகின்றோம். எங்களுள் யாருடைய வீடு என்பதை மட்டும் சொல்லமாட்டோம்.

வண்ணச் சக்கரம்

1666ஆம் ஆண்டையொட்டி ஐசக் நியூட்டன் இருட்டறையில் சிறு துளை வழியே வந்த சூரிய ஒளியை முப்பட்டகத்தில் விழச் செய்து, வெள்ளொளிக்குள் எல்லா வண்ணங்களும் அடங்கியிருப்பதைக் காட்டினார் என்று இயற்பியல் பாடத்தில் படித்திருக்கின்றோம். அந்த வண்ணங்கள் நீண்ட பட்டையாக விழுந்தன. 1704இல் வெளியான தம் ஒளியியல் நூலில் அவர் அந்தப் பட்டையை வளைத்து, சிவப்பும் ஊதாவும் அடுத்தடுத்து வருமாறு வட்டமாக வரைந்தார். இன்று நாம் வரையும் வண்ணச் சக்கரத்துக்கு அதுவே முன்னோடி.

ஓவியரும் பெயிண்டரும் பயன்படுத்தும் சக்கரத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் முதல்நிலை வண்ணங்கள். இவற்றுள் இரண்டிரண்டாகக் கலந்தால் ஆரஞ்சு, பச்சை, ஊதா என்னும் இரண்டாம் நிலை வண்ணங்கள் கிடைக்கும். இவற்றுக்கு இடைப்பட்டவற்றையும் சேர்த்தால் பன்னிரண்டு. (ஒளியைக் கலப்பதற்குக் கணக்கு வேறு, அங்கே சிவப்பு, பச்சை, நீலம் என்பவையே முதல்நிலை. தொலைக்காட்சித் திரை அப்படித்தான் இயங்குகிறது. இது புரியாமல் நாங்கள் மன்றத்தில் அரை மணி நேரம் சண்டை போட்டோம்.)

ஆனால் பச்சை என்று சொன்னால் மட்டும் போதாது. கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா, இலைப்பச்சையா என்று கேட்காத ஜவுளிக்கடைக்காரர் நம் ஊரில் உண்டா? அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செல் 1905இல் வெளியிட்ட முறையின்படி ஒவ்வொரு வண்ணத்துக்கும் மூன்று குணங்கள் உண்டு. எந்த நிறம் என்பது ஒன்று. எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர் என்னும் ஒளிர்வு இரண்டாவது. எவ்வளவு அழுத்தம் என்னும் செறிவு மூன்றாவது. மஞ்சள்தூள் செறிவு மிக்க மஞ்சள். அதில் ஒரு சிட்டிகையைப் பாலில் போட்டால் ஒளிர்வு மிக்க மஞ்சள். சந்தனமும் மஞ்சளின் குடும்பமே; ஆனால் செறிவு தணிந்தது. வீட்டுச் சுவர்களுக்குப் பெரும்பாலும் இந்தச் சந்தனக் குணமே பொருந்துகிறது. மஞ்சள்தூள் குணம் சுவருக்கு ஏறினால் அங்கே நெடுநேரம் உட்கார முடிவதில்லை.

பட்டுச் சேலை சொல்லும் பாடம்

பாடநூல்கள் மூன்று நிறத்திட்டங்களைச் சொல்கின்றன. ஒரே நிறத்தின் வெளிரையும் அடரையும் சேர்ப்பது ஒன்று. சக்கரத்தில் அடுத்தடுத்து நிற்கும் நிறங்களைச் சேர்ப்பது மற்றொன்று. எதிரெதிரே நிற்கும் நிறங்களைச் சேர்ப்பது மூன்றாவது. இதை மனப்பாடம் செய்யும் வேலையே இல்லை. நம் அம்மாக்கள் பட்டுச் சேலை எடுக்கும்போது பக்கத்தில் நின்றாலே போதும்.

காஞ்சிபுரத்தில் கோர்வை என்று ஒரு நெசவு உண்டு. உடல் ஒரு நிறம், கரை அதற்கு மாறான நிறம். இரண்டையும் தனித்தனி நாடாக்களால் நெய்து, சேருமிடத்தில் இழையோடு இழை கோக்கின்றனர். மாம்பழ மஞ்சளுக்கு அரக்குக் கரை, பச்சைக்கு வாடாமல்லிக் கரை என்று வரும்போது கண் அங்கே போய் நிற்கிறது. எதிர் நிறங்கள் ஒன்றையொன்று தூக்கிக் காட்டுகின்றன. ஆயினும் உடலின் பரப்பு பெரியது. கரை ஒரு சாண். அந்த அளவில்தான் அழகு இருக்கிறது. இதையே அறைக்குக் கொண்டுவந்தால், மூன்று சுவர்களும் சீலிங்கும் உடல்; திரைச்சீலையும் மெத்தை விரிப்பும் ஒருவேளை ஒரு சுவரும் கரை. இப்போது சிலர் ஒரு சுவரை நாவற்பழ நிறத்திலும் எதிர்ச்சுவரை எலுமிச்சை நிறத்திலும் அடித்து "மாடர்ன்" என்கின்றனர். எங்கள் கண்ணுக்கு அது இரண்டு சேலையை ஒன்றாகக் கட்டியதுபோலத்தான் தெரிகிறது.

அடுத்திருக்கும் நிறம் ஒரு நிறத்தை எவ்வளவு மாற்றிக் காட்டும் என்பதை ஆராய்ந்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் செவ்ரல். 1824இல் பாரிஸின் கோப்லான் திரைச்சீலை நெசவகத்தில் சாயப் பிரிவின் தலைவரானார். அங்கே கறுப்பு நூலின் சாயம் மங்கியிருக்கிறது என்று புகார் வந்துகொண்டே இருந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையில்லை. அருகில் நெய்திருந்த நீலமும் ஊதாவுமே கறுப்பைக் கெடுத்துக் காட்டின. 1839இல் அவர் இதை ஒரு பெருநூலாக எழுதினார். அவர் நூற்றிரண்டு வயது வாழ்ந்தார் என்பது உபரிச் செய்தி.

இதை நாங்கள் சுவரிலேயே கண்டோம். தூய வெள்ளைச் சீலிங்குக்குக் கீழே அடித்த தந்த நிறம் அழுக்கேறியதுபோல் இருந்தது. பெயிண்டர் அண்ணாச்சியிடம் கேட்டதற்கு, "அது அழுக்கு இல்ல தாயி, மேல இருக்க வெள்ளை அதைக் காட்டிக் கொடுக்குது" என்றார். செவ்ரல் நூலாக எழுதியதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். சீலிங் வெள்ளையில் அதே தந்த நிறத்தைச் சிறிது கலந்து அடித்ததும் குறை தீர்ந்தது.

வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் நீலம் கலப்பது ஏன் என்பதற்கும் இங்கேதான் விடை கிடைத்தது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கல்லாக இறுகுகிறது. ஆனால் அதன் வெண்மையில் இலேசான மஞ்சள் சாயல் இருக்கும். நீலம் அந்த மஞ்சளைத் தணித்துவிடுகிறது. வாரந்தோறும் நம் சீருடைச் சட்டைக்கு நீலம் போடுவதும் இதே காரணத்துக்காக. ஒரு காலத்தில் இந்த ஆழ்நீலம் ஆப்கானிஸ்தானத்தின் பதக்‌ஷான் மலையில் வெட்டிய கல்லை அரைத்தே கிடைத்தது, பொன்போல் மதிக்கப்பட்டது. 1820களில் பிரான்சில் இதைச் செயற்கையாகச் செய்யும் வழி கண்ட பிறகே அது நம் துவைக்கும் வாளி வரை வந்தது.

எங்கள் பிழை

கடையில் கொடுத்த ஷேடு கார்டில் தீப்பெட்டி அளவு சதுரம் ஒன்று எங்களைக் கவர்ந்தது. இளம் பச்சை, வாழைக் குருத்து போல. படுக்கையறைக்கு அதுவே என்று தீர்மானித்து நான்கு லிட்டர் கலந்து வாங்கிவிட்டோம். மாலையில் இரண்டு சுவர் அடித்து முடிந்தபோது அறை கிளிக்கூண்டாக மாறியிருந்தது. காரணம் இதுதான்: சிறு துண்டில் மென்மையாகத் தெரியும் நிறம் பெரிய பரப்பில் அழுத்தமாகத் தெரியும். அத்துடன் நான்கு சுவர்களும் ஒன்றன் நிறத்தை ஒன்றன் மேல் வீசிக்கொள்வதால் செறிவு இன்னும் கூடும். கலந்த பெயிண்டைக் கடையில் திரும்ப எடுப்பதில்லை. அவளுடைய அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. மீதியைச் சாமான் அறைக்கும் பரணுக்கும் அடித்தோம். அரிசி மூட்டைகள் இப்போது மிகுந்த அழகோடு இருக்கின்றன.

அதன் பிறகு நாங்கள் கடைப்பிடித்த முறை: கார்டில் பிடித்த நிறத்தைவிட இரண்டு படி வெளிரானதைக் குறைந்த அளவு வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி சதுரமாக ஒரே அறையின் இரு சுவர்களில் அடித்துப் பார்க்க வேண்டும். காலை, உச்சி, மாலை, விளக்கு வெளிச்சம் என்று நான்கு வேளையும் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். ஒரே சதுரம் நான்கு வேளையும் நான்கு நிறமாக இருந்ததைப் பார்த்து நாங்கள் வியந்தோம். இப்போதைய எல்.இ.டி. விளக்குகளில் 2700 கெல்வின் என்று அட்டையில் போட்டிருப்பது மஞ்சள் ஒளி. 6500 கெல்வின் என்பது நீலம் கலந்த வெள்ளொளி. முன்னதில் தந்த நிறச் சுவர் வெண்ணெய்போல் இருந்தது; பின்னதில் சாம்பலாயிற்று. ஆகவே விளக்கை முதலில் தீர்மானித்துவிட்டு வண்ணத்துக்கு வருவது நல்லது.

பொழுது சாயும் நேரத்தில் இன்னொன்றும் பார்க்கலாம். செம்பருத்திச் செடிக்கு அருகில் நில்லுங்கள். பகலில் பூ பளிச்சென்றும் இலை அடக்கமாகவும் இருக்கும். இருள் கவியக் கவியப் பூ கறுத்துப் போகும். இலை வெளுத்துத் தெரியும். மங்கிய ஒளியில் நம் கண் சிவப்பைவிட நீலத்தையும் பச்சையையும் நன்றாக உணர்கிறது என்பதை செக்கு நாட்டு அறிஞர் புர்க்கின்யே கண்டறிந்தார். விளக்குப் போடாத மாடிப்படிச் சுவருக்கு அரக்குச் சிவப்பு அடிப்பது ஏன் தவறு என்பது இதனால் விளங்கும்.

எந்த அறைக்கு எந்த நிறம்?

சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் ஆகியவை வெப்ப நிறங்கள். நீலம், பச்சை ஆகியவை குளிர் நிறங்கள். வெப்ப நிறம் சுவரை அருகே கொண்டுவந்து காட்டும். குளிர் நிறம் தள்ளிக் காட்டும். ஆதலால் சிறிய அறைக்கு வெளிர் நீலம் இடத்தைக் கூட்டிக் காட்டுகிறது. இதுவரை சரி. ஆனால் நாங்கள் படித்த ஒரு புத்தகத்தில், "வடக்கு நோக்கிய அறைகள் குளிர்ந்தவை, அவற்றுக்கு வெப்ப நிறம் பூசுக" என்றிருந்தது. அப்படியே எழுதி வைத்தோம். பிறகுதான் எங்கள் புவியியல் ஆசிரியை சிரித்தார். அது இலண்டனுக்கு ஏற்ற விதி. இலண்டன் இருப்பது 51 பாகை வடக்கே; அங்கே சூரியன் ஆண்டு முழுதும் உச்சிவேளையில் தெற்கிலேயே நிற்கும். பாளையங்கோட்டை இருப்பதோ 8.7 பாகையில். சித்திரை பிறக்கும் நாளையொட்டிச் சூரியன் நம் தலைக்கு நேரே வந்து, அதன்பின் ஆகஸ்டு இறுதி வரை நண்பகலில் வடக்கே நிற்கிறது. நம் வடக்குச் சுவருக்கும் வெயில் உண்டு. நமக்குத் தொல்லை தருவது மேற்குச் சுவர்தான்; மூன்று மணி வெயிலை வாங்கி இரவு பத்து மணி வரை உள்ளே அனுப்பும். அந்த அறைக்கு ஆரஞ்சு அடித்தால் பார்க்கும்போதே வியர்க்கும். வெளிர் நீலமோ நீலப்பச்சையோ ஆறுதல் தரும். உள்ளே அடிக்கும் நிறம் மனத்துக்குத்தான் குளிர்ச்சி. உண்மையிலேயே சூடு குறைய வேண்டுமானால் மொட்டைமாடியிலும் மேற்குப் புறச்சுவரின் வெளிப்பக்கத்திலும் வெள்ளை இருக்க வேண்டும். வெயிலைத் திருப்பி அனுப்பும் வேலையை அது செய்யும்.

கூடம் எல்லாரும் கூடுமிடம். அங்கே யாருக்கும் மிகவும் பிடித்த நிறம் வேண்டாம். யாருக்கும் பிடிக்காத நிறமும் வேண்டாம். சந்தனம், தந்தம், வெளிர் மணல் நிறம் போதும். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. நம் வீடுகளில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்துதான் உட்காருகிறோம். அதனால்தான் பழைய வீடுகளில் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை அடர்நிற எண்ணெய்ப் பெயிண்ட் அடித்து, அதற்கு மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். இதைப் பழைய நாகரிகம் என்று கேலி செய்தவர்கள், இரண்டு ஆண்டில் சுவரில் வரிசையாகத் தலை வடிவங்களைப் பார்க்கின்றனர். நாங்கள் முழு அடர் நிறம் வேண்டாமென்று, சுவரின் அதே நிறத்தில் இரண்டு படி அடராக, கழுவத்தக்க பெயிண்டாக மூன்றடிக்கு அடித்தோம். ஒரே நிறத்திட்டம் என்று பாடத்தில் படித்தது இங்கே உதவிற்று.

சமையலறையில் புகையும் தாளிதமும் உண்டு. வெளிர் மஞ்சள் நல்லது. மேடைக்கு மேல் பதிக்கும் டைல்ஸ் அடர் பூப்போட்டதாக இருந்தால் எண்ணெய்த் துளி தெரியாது என்பார்கள். தெரியாமலிருப்பதா நல்லது? தெரிந்தால்தானே துடைப்போம். படிக்கும் இடத்தில் மேசைக்கு எதிர்ச்சுவர் மங்கலாக இல்லாமலும் பளபளக்காமலும் இருக்க வேண்டும். வெளிர் பச்சை கண்ணுக்கு ஓய்வு. அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்கள் பச்சையும் நீலமும் உடுத்துவது இதனோடு தொடர்புடையதே. சிவப்பையே உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளையைப் பார்த்தால் பச்சை நிழல் மிதக்கும். பச்சைத் துணியில் அந்த நிழல் கரைந்துவிடும். ஒரு சிவப்புத் தாளை அரை நிமிடம் பார்த்துவிட்டு இந்தப் பக்கத்தைப் பாருங்கள், தெரியும்.

ஆச்சி

அந்த வீட்டில் எண்பத்திரண்டு வயது ஆச்சி இருக்கிறார்கள். தரை வேலை முடிந்ததும் வீட்டைப் பார்க்க அழைத்து வந்தார்கள். கூடத்திலிருந்து சமையலறைக்கு இறங்க ஒரே ஒரு படி. கூடத்தில் தந்த நிற டைல்ஸ், படியிலும் அதே, கீழேயும் அதே. ஆச்சி படியைத் தரை என்று நினைத்துக் காலை வைத்துவிட்டார்கள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டதால் முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. "ஏ பிள்ளைகளா, இங்க படி எங்கட்டி இருக்கு? எல்லாம் ஒரே பாலா ஊத்தி வச்சிருக்கீய" என்று கேட்டார்கள். எங்களுக்குப் பதில் சொல்ல வரவில்லை. தரைக்குத் தந்தம், சுவருக்குச் சந்தனம், கதவுக்குத் தந்தம் என்று ஒரே நிறத்திட்டத்தை அட்டையில் அழகாக எழுதி வைத்திருந்தவர்கள் நாங்கள்தாமே.

ஆச்சி இத்தனை காலம் வாழ்ந்த பழைய வீட்டில் செங்காவித் தரை, வெள்ளைச் சுவர், கருந்தேக்கு நிலை. எது தரை, எது சுவர், எது வாசல் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

ஆச்சிக்கு வலக்கண்ணில் புரை நீக்கிவிட்டார்கள். இடக்கண்ணில் இன்னும் இல்லை. எங்கள் ஆசிரியை சொன்னபடி, ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னோம். வலக்கண்ணை மூடினார்கள், திறந்தார்கள், இடக்கண்ணை மூடினார்கள். பிறகு சிரித்துவிட்டு, "இந்தக் கண்ணுக்கு இது கடையில எடுத்த வேட்டி, அந்தக் கண்ணுக்கு உங்க தாத்தா பத்து வருஷம் உடுத்த வேட்டி" என்றார்கள். வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளாகிக் கலங்குகிறது. நீலமும் ஊதாவும் உள்ளே வருவது குறைகிறது. கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும். வெளிர் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். பிரெஞ்சு ஓவியர் குளோது மோனேக்கும் இதே நோய் இருந்தது; 1923இல் அறுவை செய்துகொண்டார். நோய் முற்றிய காலத்தில் அவர் தீட்டிய தோட்டங்கள் செம்பழுப்பாக எரிகின்றன.

அன்று மாலை நாங்கள் எங்கள் நிறத்திட்டத்தை அடித்துவிட்டு மீண்டும் எழுதினோம். ஆச்சிக்கு வேண்டியது அழகான நிறம் அன்று. பக்கத்திலிருப்பதிலிருந்து பிரிந்து தெரியும் நிறம். சுவர் சந்தனமாகவே இருந்தது. கதவு நிலைகளுக்குக் காப்பிக் கொட்டை நிறம் அடித்தோம். ஆச்சியின் அறைக் கதவுக்கு மட்டும் செங்காவி. குளியலறையில் வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளை வாளி என்று இருந்ததை மாற்றிச் சிவப்பு வாளியும் சிவப்புக் கோப்பையும் வைத்தோம். பிடித்துக்கொள்ளும் கம்பியைச் சுற்றிச் சிவப்புப் பட்டை ஒட்டினோம். சுவிட்சுப் பலகை வெள்ளையாக இருந்ததால் அதைச் சுற்றி அடர் நிறத்தில் ஒரு விரல் அகலச் சட்டம் வரைந்தோம். படியின் விளிம்பில் இரண்டு அங்குல அகலத்தில் சிவப்பு எனாமல் அடித்தோம். அது தரை துடைத்துத் துடைத்து ஐந்து வாரத்தில் உரிந்துவிட்டது! பிறகு கொத்தனார் வந்து விளிம்பை மட்டும் பெயர்த்து, சொரசொரப்பான அடர்சிவப்பு டைல்ஸ் பட்டை பதித்துக் கொடுத்தார்.

பெயிண்ட் வாங்குமுன்

இரண்டு செய்திகள் மட்டும். பெயிண்டில் ஈயம் இருக்கலாம். குறிப்பாகப் பளிச்சென்ற மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும் ஈயக் குரோமேட்டால் செய்யப்பட்டு வந்தன. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 2016இல் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, வீட்டுப் பெயிண்டில் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கலாகாது. டப்பாவிலும் இதை அச்சிட வேண்டும். அதைப் பார்த்து வாங்க வேண்டும். பழைய வீட்டின் கதவு, சன்னல் பெயிண்டைச் சுரண்டும்போது நனைத்துச் சுரண்டுவதும், தம்பி தங்கைகளை அப்பால் அனுப்பிவிடுவதும், தூளை ஈரத்துணியால் துடைத்தெடுப்பதும் நல்லது.

அடுத்தது கணக்கு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, உயரம் பத்தடி என்றால் நான்கு சுவர்களின் பரப்பு 440 சதுர அடி. மூன்றுக்கு ஏழு கதவு ஒன்றையும் நான்குக்கு நான்கு சன்னல் இரண்டையும் கழித்தால் 387. பட்டி பார்த்த சுவரில் இரண்டு கோட் அடிக்க லிட்டருக்குச் சுமார் 65 சதுர அடி என்று பெயிண்டர் அண்ணாச்சி கணக்குச் சொன்னார். ஆறு லிட்டர் போதும். கடையில் பத்து லிட்டர் எழுதியிருந்தார்கள். பரப்பளவுப் பாடம் இப்படிப் பயன்படும் என்று கணித வகுப்பில் யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

டிசம்பர் இரண்டாம் வாரம் அவர்கள் குடிபுகுந்தார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் நாங்கள் போனபோது ஆச்சி கூடத்திலிருந்து தனியாகவே சமையலறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சிவப்புப் பட்டைக்கு முன்னால் வந்ததும் நின்றார்கள். நிலையில் கை வைத்தார்கள். குனிந்து பார்த்து இறங்கினார்கள். எங்களைக் கண்டதும், "வாங்கட்டி, உங்க படி இந்தா இருக்கு" என்றார்கள். பிறகு, சாமான் அறைக்கு யார் இப்படிக் கிளிப்பச்சை அடித்தது என்று கேட்டார்கள்.